ஆபுத்திரன் என்னும் சிறுவன்

மணிமேகலையைப் போற்றுவோர் பெரும்பாலும் ஆபுத்திரனை அமுதசுரபியோடு சேர்த்தே காண்பர். பசிப்பிணி தீர்த்த அறவோன், வேள்விப் பசுவை விடுவித்த அருளாளன், பிறப்பால் உயர்வு தாழ்வு பேசியோரை வாதில் மடக்கிய நாவலன் என்று மேடைதோறும் அவன் புகழ் பேசப்பெறுகிறது. இவை யாவும் உண்மையே. ஆயினும் அந்த அறவோன் முதற்கண் ஒரு சிறுவன். பெற்றவளால் விடப்பட்ட சிறுவன். ‘ஆபுத்திரன் திறம் அறிவித்த காதை’யை இக்கண் கொண்டு படிப்பார் அரியர். தாணேயிலும் தாராவியிலும் பிழைப்பை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஊரில் பாட்டன் பாட்டியரிடமோ விடுதிகளிலோ விட்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. நமக்கேனும் அக்கண் வேண்டும்.

வாரணாசியிலிருந்து குமரி நோக்கி வந்த சாலி, வழியில் பெற்ற குழவியை ஒரு தோட்டத்தில் விட்டு நீங்கினாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. வயனங்கோட்டு இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழவியை எடுத்து, மகனென வளர்த்து, மறையும் ஓதுவித்தான். வேள்விக்கெனக் கட்டிய பசுவை இரவில் அவிழ்த்து ஓட்டிச் சென்ற சிறுவனை மறையோர் பிடித்து அடித்தனர். அடியோடு நிற்கவில்லை. ‘ஆ மகன்’ என்று இழித்தனர். விலங்கின் வயிற்றில் தோன்றிய முனிவர்களை அவன் எடுத்துக்காட்டவே, அவனுடைய தாயின் ஒழுக்கத்தைப் பலரறிய உரைத்தனர். அவன் சிரித்தான், அதற்கும் விடை பகர்ந்தான்.

இதனை வெற்றிச் சிரிப்பெனக் கொண்டு கைதட்டி மகிழ்வது மேடை வழக்கம். நாம் அவ்வாறு கருதவில்லை. தன் தாய் யாரென்பதைப் பகைவர் வாயால், அதுவும் பலர் நடுவே அறிய நேர்ந்த பிள்ளைக்குச் சிரிப்பைத் தவிர வேறு கவசம் ஏது?

ஆயின் காதையின் பெருங்கொடுமை அவ்வேச்சன்று. வளர்த்த இளம்பூதியே அவனைத் தன் மனையினின்றும் நீக்கிவிட்டான். சாத்தனார் இதனை ஒரு சொற்றொடரில் கூறிக் கடந்துவிடுகிறார். பின் சென்ற ஊர்தோறும் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல் விழுந்தது என்கிறார். பெற்றோரைப் பிரிந்த பிள்ளை பிறர் செய்யும் கொடுமையை வெளியிற் சொல்லாமைக்குக் காரணம் இங்கே கிடைக்கிறது. சொன்னால் இருக்கும் நிழலும் போய்விடுமோ என்னும் அச்சமே அது. தொலைபேசியில் ‘நன்றாயிருக்கிறேன்’ என்கிற குரலில் அச்சிரிப்பு ஒளிந்திருக்கலாம். அடிக்கடி வயிற்றுவலி என்பதும், பள்ளிக்குப் போக மறுப்பதும், காரணமின்றிச் சினப்பதும் சிறுவரிடத்து மனச்சோர்வின் குறிகளாகலாம் என்பர் மருத்துவர். நம் வீடுகளில் அதற்குப் பெயர் பிடிவாதம். (துயருறும் பிள்ளைகள் அழைப்பதற்கென்று 1098 என்னும் தொலைபேசி உதவி 1996-இல் தொடங்கியது, நம் செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியால் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.)

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ம் இத்தகைய பிள்ளை ஒருத்தியைக் காட்டுகிறது. கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் சிறுமிக்கு, உடன் பயணம் செய்யும் சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தை ஈகிறான். படித்துக் கண் கலங்காதார் இலர். எனினும் நமக்கொரு குறை உண்டு. கல்கத்தாவில் அவளை யார் கேட்பார்? கதை நம்மை உருக்கி, நிறைவளித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சாத்தனார் அவ்வாறு விடவில்லை.

மதுரையில் சிந்தாதேவி அமுதசுரபி தந்தாள். மழை பெய்து நாடு செழித்ததும் அதில் உண்பாரில்லை. சாவகம் செல்லும் கலம், மணிபல்லவத்தில் இறங்கிய அவனை அறியாமலே விட்டுப் போயிற்று. ஆளில்லாத் தீவில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். காப்பியம் இதனை அறமாகவே காண்கிறது. அதற்கு மருத்துவப் பெயர் சூட்டுவது நம் கருத்தன்று. ஆனால் தோட்டத்தில் ஒருமுறை, இளம்பூதி மனையில் ஒருமுறை, கடற்கரையில் ஒருமுறை என மும்முறை விடப்பட்டவன் அவன் என்பதை மறந்து, துறவை மட்டும் வியத்தல் பொருந்தாது.

மறுபிறப்பில் அவன் சாவக மன்னன் புண்ணியராசன். மணிமேகலையோடு அத்தீவுக்கு மீண்டு வந்து, மணலை அகழ்ந்து, தன் பழைய உடலின் என்பைத் தானே கண்டு திகைத்து நிற்கிறான். அருகில் நிற்பவள் தந்தையை இழந்து, தாயைப் பிரிந்து வந்த பெண். உனக்கு என்ன நேர்ந்தது என்று அவள் கேட்கிறாள். வயனங்கோட்டில் எவரும் கேளாத கேள்வி அது.