பாவித்த காரும் பழைய வண்டியும்

அண்மையில் சென்னைக்குச் சென்றிருந்தபோது, பழைய கார்களை வாங்கி விற்பதில் நீண்ட அனுபவமுள்ள ஓர் அன்பர், உபசாரத்தில் எவ்விதக் குறையும் வைக்காமல் பேசிக்கொண்டிருந்த இடையிலே, “உங்க ஊர்ல ஜப்பான்காரன் ஓட்டித் தள்ளின வண்டியைத்தானே சார் புதுசு மாதிரி விலை குடுத்து வாங்குறீங்க? அப்புறம் உள்ளே ஏதாவது கோளாறு இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். அவர் மனத்தில் அவமதிக்கும் எண்ணம் இருந்ததென்று சொல்ல மாட்டேன். ஆயினும், பிறர் கழித்ததைக் கொண்டு காலந்தள்ளுகிறவர்கள் இலங்கையர் என்ற அபிப்பிராயம் அந்தக் கேள்வியின் அடியிலே கிடந்தது என்னை உறுத்தியது. வாங்கிய காருக்குள் ஒளிந்திருந்த பழுது வெளிப்படும் நாளிலே அதன் உடைமையாளர் என்ன செய்கிறார், அவருக்குத் துணை நிற்பவர் யார் என்பதைக் கொண்டே ஓர் ஊரின் வாகன ஞானத்தை மதிப்பிட வேண்டும் என்பதும், அவ்வாறு மதிப்பிடுமிடத்து யாழ்ப்பாணம் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை என்பதும் என் துணிபு.

சரித்திரத்தைப் பார்த்தால், இரு கரையாரும் ஒரே தேசத்து இயந்திரங்களைக் கொண்டு தொடங்கியவர்களே. 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை இந்தியாவில் உற்பத்தியான அம்பாசடர், இங்கிலாந்தின் மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்தது. யாழ்ப்பாணத்திலே வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ-40, ஏ-55 ஆகிய கார்களும், ஆசிரியர்களும் வைத்தியர்களும் போற்றி வைத்திருந்த மொரிஸ் மைனரும் அதே இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியவை. பின்னர் வழிகள் பிரிந்தன. இந்தியா தன் கார்களைத் தானே செய்துகொள்ளும் நிலையை எய்தியது. 1998 முதல் சென்னைக்கு அணித்தேயுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகி வருகின்றன. இலங்கையோ ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய கார்களைப் பெருமளவில் தருவித்துக்கொள்ளும் மார்க்கத்தைக் கைக்கொண்டது. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு பழைய காரின் பூர்வோத்தரம் முழுவதும் உள்ளூரிலேயே விசாரித்தறியக் கூடியது. எமது காரின் முற்பகுதிச் சரித்திரமோ எமக்கு வாசிக்கத் தெரியாத பாஷையிலே, கடலுக்கு அப்பால் கிடக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றவை யாவும் பிறக்கின்றன.

பேச்சு வழக்கிலுள்ள வேற்றுமைகளும் சுவையானவை. தமிழ்நாட்டில் உருண்டோடும் யாவும் ‘வண்டி’. நாங்கள் பொதுவாக வாகனம் என்போம், காரைக் கார் என்றே சொல்லுவோம். அவர்களுக்குச் ‘செகண்ட் ஹேண்ட்’ எமக்குப் ‘பாவித்தது’. ஜப்பானிலிருந்து வந்து இங்கே இன்னும் பதியப்படாதது ‘ரீகண்டிஷன்’. அவர்களது ஆர்.சி. புத்தகம் எமக்குச் ‘சீ.ஆர்.’; அவர்களது ‘ஆட்டோ கன்சல்டிங்’ எமக்குக் ‘கார் சேல்’; அவர்கள் ‘ஒர்க்‌ஷாப்’பில் விடுவதை நாங்கள் ‘கராஜில்’ விடுகிறோம். அவர்கள் ‘ஃபர்ஸ்ட் ஓனரா, செகண்ட் ஓனரா’ என்று கைமாறிய தடவைகளை எண்ணுகிறார்கள். நாங்கள் இலக்கத் தகட்டைப் பார்த்து, ‘ஸ்ரீ நம்பரா, டாஷ் நம்பரா, இங்கிலீஷ் எழுத்தா’ என்று காரின் பிராயத்தை நிதானிக்கிறோம்.

ஒளிந்திருக்கும் பழுதுகளிலும் இவ்வாறே அவ்வவ்விடத்து இயல்பு தெரிகிறது. மீட்டரைக் குறைத்து வைப்பதும், விபத்தில் நெளிந்த தகட்டின்மேல் பட்டி பார்த்து வர்ணம் பூசுவதும் இரு கரைக்கும் பொதுவான பாவங்கள். சென்னைக்கே உரிய பயம் வெள்ளம். 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியபோது நீரில் நின்ற கார்களுட் பல, பின்னர் ஏலம் போய்ப் பழைய கார்ச் சந்தைக்கு வந்து சேர்ந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றின் கறையும், கால்விரிப்பைத் தூக்கினால் இருக்கையின் தண்டவாளத்தில் துருவும் தெரியும் என்று அங்குள்ளவர்கள் சொல்லக் கேட்டேன். எம்மிடத்து வியாதிகள் வேறு. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே வருவது. அதையே றேடியேற்றரில் ஊற்றி ஊற்றி ஓட்டியவர் காரை விற்கும்போது, உள்ளே படிந்த சுண்ணம் கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவர் குடும்பத்தோடு ஏ-9 வீதியில் நண்பகல் வெயிலில் வவுனியாவை நோக்கிப் போகும்போது, வெப்பமானியின் முள் மேலேறுவதைக் கண்டே அறிந்துகொள்வார். ஜப்பானிய ஏலத் தாளிலே நாலரைத் தரம் என்று காட்டப்பட்ட கார், உண்மையில் மோதித் திருத்தப்பட்டு ‘ஆர்’ என்ற எழுத்தைப் பெற்றதாக இருப்பதும், அந்த அசல் தாள் வழியிலேயே மாற்றப்பட்டிருப்பதும் எமக்கே உரிய துன்பங்கள்.

இவ்வித ஏமாற்றம் நேர்ந்தபின் தமிழ்நாட்டார் கையாளும் வழி பெரும்பாலும் கடதாசியின் வழியாகும். அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கம்பெனியின் சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டு வாங்கினால், கார் எத்தனை கிலோமீற்றரில் எதற்காகப் பட்டறைக்கு வந்தது என்று பார்க்கலாம். படிவம் 29, படிவம் 30 என்பவற்றால் பெயர் மாற்றமும், கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35-உம் ஒழுங்காக நடைபெறுகின்றன. வியாபாரி ஏமாற்றினால், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு வருஷங்களுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். உதிரிப் பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. அந்தத் தெருக்களில் நடந்தபோது, ஒரு கடையில் கதவுகள் மட்டும், அடுத்ததில் கியர்ப் பெட்டிகள் மட்டும், அதற்கடுத்ததில் முன்விளக்குகள் மட்டும் கூரைவரை அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டு வியந்தேன். இத்தனை வசதியும் இருந்தும், மறைந்த பழுது தெரிந்தவுடன் அங்கே நான் சந்தித்தவர்கள் சொன்ன முதல் யோசனை, “கொஞ்சம் செலவு பண்ணி வெளியே தெரியாம வெச்சு, கைமாத்தி விட்டுடுங்க” என்பதே. புதிய கார் அருகிலேயே உருவாகும் தேசத்தில் இந்த யோசனை எளிதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் கைமாறிய கார் தன் வியாதியையும் கூடவே கொண்டு இன்னொருவர் வாசலுக்குப் போகிறது.

எம்மூரில் கார் வாங்குமுன்பே கராஜ்காரரை அழைத்துச் செல்வது சம்பிரதாயம். வாங்கியபின் பழுது தெரிந்தாலும் முதலில் நாடுவது அவரையே. என் உறவினர் ஒருவர் வாங்கிய காரில் தண்ணீர் காரணமின்றிக் குறையத் தொடங்கியபோது, எமது பகுதிக் கராஜ்காரர் செய்த பரீட்சையை அருகில் நின்று பார்த்தேன். காரை முதல்நாள் இரவே தம்மிடம் விடச் செய்து, காலையில் பொனற்றின்மேல் உள்ளங்கையை வைத்து அது முற்றாகக் குளிர்ந்திருக்கிறதென்று உறுதிசெய்தார். எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தை விரலால் வழித்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலில் ஒட்டியது மோர்போல வெளுத்திருந்தது. என்ஜினை இயக்கச் சொல்லி, பின்னால் குந்தியிருந்து புகையை நோக்கினார். நீலப் புகையானால் எண்ணெய் எரிகிறது, கறுப்பானால் பெற்றோல் மிகுதி, என்ஜின் சூடான பின்பும் அடங்காத வெண்புகையானால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்பது அவர் நூலின்றிக் கற்ற சாஸ்திரம். “தம்பி, என்ஜினையே மாத்தச் சொல்லுவினம், கேளாதையுங்கோ. ஹெட் காஸ்கற்தான் போயிருக்கு. ஹெட்டைக் கழட்டி மட்டம் பிடிச்சுப் போட்டு, றேடியேற்றரையும் கழுவினால் சரி. கிணத்துத் தண்ணியை மட்டும் இனி ஊத்தாதையுங்கோ” என்றார். அவர் சொன்னபடியே செய்யப்பட்டது. அந்தக் கார் இன்றும் குறையின்றி ஓடுகிறது.

பழைய இயந்திரங்களில் மாத்திரமே எமது கராஜ்காரர்கள் வல்லவர்கள் என்று எண்ணுதல் தவறு. ஹைபிரிட் கார்கள் இந்தியாவில் அருமையாயிருந்த காலத்திலேயே, ரொயோட்டா அக்குவாவும் பிரியஸும் இலங்கைத் தெருக்களில் சாதாரணமாக ஓடின. வாங்கிய சில மாதங்களில் முகப்பிலே எச்சரிக்கை விளக்கு எரிவது இவற்றின் மறைந்த நோயின் அறிகுறி. அக்குவாவின் பெரிய பற்றறியில் 20 கட்டைகள் உள்ளன, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 144 வோல்ற். முழுவதையும் மாற்றுவது பெருஞ்செலவு. எமது கராஜ்களில் பின்னிருக்கையைக் கழற்றி, பற்றறியைக் குளிர்விக்கும் விசிறியில் அடைத்த தூசியை முதலில் நீக்கி, கட்டைகளைத் தனித்தனியே சுமையேற்றி அளந்து, சோர்ந்ததை மாத்திரம் மாற்றுகிறார்கள். மற்றவையும் அதே வயதினவாகையால் இது நிரந்தரப் பரிகாரமன்று என்பதையும் நல்ல கராஜ்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். வேண்டிய பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எடுக்கப்பட்டு, இரவு பஸ்ஸில் ஏற்றப்பட்டு, விடியுமுன் யாழ்ப்பாணம் வந்து சேருகிறது.

இந்தக் கைத்திறன் எங்கிருந்து வந்ததென்பதைச் சொல்லாமல் விட்டால், ஒப்பீடு முழுமை பெறாது. 1990 இல் மீண்டும் போர் மூண்டு, வடக்கின்மேல் பொருளாதாரத் தடை விழுந்தபோது, பெற்றோலும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் யாழ்ப்பாணத்திற்கு வருவது நின்றது. அன்று வீட்டுக் கொட்டில்களில் தூங்கிய பழைய ஒஸ்ரின்களும் மொரிஸ்களுமே எமக்கு வாகனமாயின. அமுக்கம் குறைந்த அந்த என்ஜின்கள் மண்ணெண்ணெயிலும் ஓடும் என்று கண்டு, சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி என்ஜின் எண்ணெயை இளக்கும். வால்வுகளில் கரி படியும். ஒவ்வொரு காரும் ஓயாத சிகிச்சையில் இருந்தது. 2002 இல் ஏ-9 பாதை திறக்கப்படும்வரை அவ்வாறு கற்ற பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காதது. தலைமுறைகள் மாறியும் எமது கராஜ்களில் ‘கழித்துவிடு’ என்ற சொல் எளிதில் வாயில் வராததற்கு அதுவே காரணம்.

அண்மைக்காலமும் அதே பாடத்தைத்தான் திரும்பச் சொன்னது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த கார்கள், வாங்கிய விலைக்கு மேலாகவே விலைபோயின. புதியதைக் கொண்டு பழையதை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாத நாட்டில், பழுதைத் தேடிப் பிடித்துத் திருத்துகிறவனே காருடையவனாக இருக்க முடிந்தது. சென்னை அன்பர் விலையைக் குறித்து வியந்தாரே, அந்த விலைக்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன.

எமது பக்கத்திலும் களைய வேண்டிய குறைகள் உண்டு. ‘ஓப்பன் பேப்பர்’ என்று நாம் சொல்லும் வழக்கம் அவற்றுள் முதன்மையானது. கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு ஒரு கார் பலர் கைமாறிச் செல்ல, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துப் பதிவிலே பழைய உடைமையாளரின் பெயரே நிற்க, பழுது தெரிந்த நாளில் விற்றவரென்று யாரைக் கேட்பதென்று தெரியாமல் வாங்கியவர் திகைக்கிறார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை எமக்கும் இருக்கிறது. ஆனால் முறையிடுவதற்குக் காலம் மூன்று மாதங்களே. அதற்குள் பலர் கராஜுக்கு நடந்து முடிப்பதேயில்லை. இவ்விஷயத்தில் தமிழ்நாட்டார் எம்மிலும் ஒழுங்கானவர்கள். எனினும், சட்டம் பணத்தை மீட்டுத் தருவதற்கிடையில் கார் வீட்டு வாசலில் நிற்கவே செய்யும். எமது சிற்றூர்களில் விற்றவரும் வாங்கியவரும் ஒரே கோயில் திருவிழாவில் சந்திக்க வேண்டியவர்களாகையால், செலவில் பாதியைத் தாமே ஏற்கும் விற்பனையாளரும் உண்டு. அந்த நாணம் ஆணையத்தின் தீர்ப்பிலும் விரைந்து வேலை செய்வதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே எம்மவர்க்கு நான் வேண்டுவது இதுதான். வாங்குவோர், காலையில் குளிர்ந்த என்ஜினோடு காரைப் பாருங்கள். ஏலத் தாளின் அசலைக் கேளுங்கள். வாங்கிய உடனேயே பெயரை மாற்றுங்கள். இவ்வொன்றையேனும் அக்கரையாரிடம் கற்றுக்கொள்ளுங்கள். விற்போர், தெரிந்த பழுதை வாய்விட்டுச் சொல்லி விலையைக் குறையுங்கள். இறக்குமதி மீண்டும் திறந்ததென்று பளபளப்பை நம்பிக் கராஜ்களைக் கைவிடாமல், அங்கே தொழில் பழக விரும்பும் பிள்ளைகளுக்கு மதிப்பும் கூலியும் கொடுங்கள். மறைந்த பழுதைக் கண்டுபிடித்துத் திருத்தும் வித்தை எமது மண்ணில் பெருந்துன்பத்தின் விலையாகக் கிடைத்தது. அதை இழப்பது எமக்குத் தகாது.