தோடும் களிம்பும்

கவரிங் தோடு போட்ட காது புண்ணாகிவிட்டால் அருப்புக்கோட்டைப் பக்கம் நாம் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். "கிருமிதான் காரணம்" என்று ஒரு களிம்பு கைக்கு வரும். கிருமிக்கொல்லிக் களிம்பு உலோக ஒவ்வாமையைத் தணிக்குமா? இக்கருத்தை, வாசக அன்பர்களே, சற்று உரசிப் பார்ப்போம்.

கவரிங் நகைகள் பலவற்றில் பொன் நிறப் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கிறது. திருச்சுழி வெயிலில் வழியும் வியர்வையின் உப்பு அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நிக்கல் அயனிகள் தோலுக்குள் புகுந்து புரதங்களுடன் ஒட்டிக்கொள்கின்றன. உடலின் டி-அணுக்கள் அதைப் பகையாக நினைவில் கொள்கின்றன. மறுமுறை தோடு பட்டால் ஓரிரு நாளில் அரிப்பு, கொப்புளம், நீர்க்கசிவு!

இதில் கிருமிக்கு இடமே இல்லையா? சிறிது உண்டு. மனித உயிரணுக்களில் உள்ள டி.எல்.ஆர்-4 என்னும் உணர்வியை நிக்கல் நேராகத் தூண்டுகிறது என்று 2010-இல் கண்டறிந்தார்கள். சிலவகைப் பாக்டீரியாக்களின் உறையிலுள்ள நச்சு தூண்டுவதும் இதே உணர்வியைத்தான். எலியின் உணர்விக்கு நிக்கல் படாது. ஆனால் நிக்கலோடு அந்த நச்சையும் சேர்த்துச் செலுத்தினால் எலிக்கும் ஒவ்வாமை எளிதில் வருகிறது. ஆகவே கிருமியைக் கொல், ஒவ்வாமை குறையும் என்பது வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிருமி செத்தாலும் அதன் உறை நச்சு அழிவதில்லை. உடைந்த கிருமியிலிருந்து வெளியே சிந்துகிறது. மேலும் நாம் எலிகள் அல்லவே! நம்மிடம் நிக்கல் மட்டுமே போதும்.

"போட்டதும் அரிப்பு நின்றதே!" என்பீர்கள். குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கிருமிக்கொல்லியோடு குளோபிடசால் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அரிப்பை அடக்கியது அதுவே. பெயரைத் தட்டிக்கொண்டு போனது மற்றது. இந்த ஸ்டீராய்டோ நாள்பட்டால் தோலை மெலியச் செய்யும். 2018-இல் மைய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பதினான்கை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது.

இன்னொரு வேடிக்கை: இக்களிம்புகளில் வரும் நியோமைசினே பலருக்கு ஒவ்வாமை தரும். 2010-ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் அறிவித்தது இதைத்தான். புண் ஆறாவிட்டால் இன்னும் கொஞ்சம் தடவுகிறோம்!

சொறிந்து சீழ் கட்டிய புண்ணுக்குக் கிருமிக்கொல்லி தேவைப்படலாம். அதை மருத்துவர் சொல்லட்டும். தோட்டைச் சோதிக்க வேண்டுமானால், மாணவர்களே, உங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்திலேயே வழி இருக்கிறது. டைமீதைல் கிளையாக்சைம் கரைசலையும் அம்மோனியாவையும் பஞ்சில் நனைத்து, கழற்றிய தோட்டின் மேல் ஆசிரியர் முன்னிலையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது.