30-க்கு 28 வாங்கியவர் எதை மறந்தார்?

கண் விழித்ததும் ஐந்து கேள்விகள். உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை, வயது என்ன, பிறந்த தேதி எது? மின்னதிர்வு சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும் முதியவரின் கட்டிலருகே நின்று செவிலியர் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நான்குக்காவது சரியான விடை வர எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்கிறார். தெளிய நேரம் ஆக ஆக, பழைய நினைவுகள் இழந்துபோகும் வாய்ப்பும் கூடும் என்பதை 1990-களிலேயே ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த நிமிடக் கணக்கைப் பார்த்து அடுத்த முறைக்கு மின்சாரத்தை மாற்றிவைக்கலாம். மறதியைக் கட்டுக்குள் வைக்கும் மருத்துவம் எவ்வளவு நுட்பமாகியிருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. எங்கே கோட்டை விடுகிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. ஐந்து கேள்விகளில் ஒன்றுகூட அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியதல்ல.

ஷாக் ட்ரீட்மென்ட் என்றதும் நம் மனத்தில் வருவது சினிமாக் காட்சி: கட்டிப்போட்ட கைகள், அலறல். 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து இல்லைதான். இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகே மின்சாரம். அவை இல்லாமல் செய்வதை இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கடும் மனச்சோர்வு வந்த முதியோரில் மாத்திரைக்கு மசியாதவர், சோறு தண்ணீரை ஒதுக்கியவர், 'உள்ளே எல்லாம் அழுகிப்போச்சு' என்று நம்பிப் படுத்துவிட்டவர் ஆகியோருக்கே பெரும்பாலும் இது தரப்படுகிறது. அவர்களுக்கு இது நன்றாகவே பலன் தருகிறது. 2016-இல் வெளியான 'ப்ரைட்' என்ற அமெரிக்க ஆய்வில், 60 வயது கடந்த 240 பேருக்கு இந்தச் சிகிச்சையோடு வென்லாஃபாக்சின் மாத்திரையும் கொடுத்தார்கள். 62 விழுக்காட்டினரிடம் நோய் அறிகுறிகள் ஏறக்குறைய நீங்கின.

மறதிக் கணக்கைத் தொடங்கும் முன் இன்னொன்றையும் வரவு வைக்க வேண்டும். மனச்சோர்வே ஞாபகத்தைத் தின்னும் நோய். சோர்வில் இருப்பவரிடம் எதைக் கேட்டாலும் 'தெரியலைப்பா' என்று முடித்துக்கொள்வார். வீட்டார் அதை வயோதிக மறதி என்று எடுத்துக்கொள்வார்கள். சோர்வு தெளிந்ததும் கவனம் திரும்பி, ஞாபகமும் மேம்படுவதுண்டு. 'கரண்ட் வேண்டாம், மாத்திரையே போதும்' என்பதும் எப்போதும் பாதுகாப்பான வழியல்ல. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் முதியோரின் மூளையை மந்தமாக்கிக் குழப்பம் உண்டாக்கும். புதியவை சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, அதனாலேயே தடுமாற வைக்கும். இரண்டு வழியிலும் விலை உண்டு.

அந்த விலையைக் குறைப்பதில் மருத்துவம் காட்டியிருக்கும் அக்கறை பாராட்டத்தக்கது. இரண்டு பொட்டிலும் வைத்த மின்முனைகளை வலப்பக்கம் மட்டும் வைத்தால் மறதி குறைகிறது; பெரும்பாலோருக்கு மொழியும் சொல்நினைவும் இடப்பக்க மூளையில் இருப்பது ஒரு காரணம். அலைபோல் தொடர்ந்து பாய்ந்த பழைய மின்சாரத்தின் இடத்தைச் சிறு துடிப்புகள் பிடித்தன. பிறகு துடிப்பின் அகலமும் ஒரு மில்லி நொடியிலிருந்து 0.3 மில்லி நொடிக்குச் சுருங்கியது. வாரம் மூன்று முறை என்பதை இரண்டாக்கினால் மூளைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிகிச்சை நாட்களில் அதைக் குறைப்பதோ நிறுத்துவதோ குழப்பத்தைத் தவிர்க்கும். உமிழ்நீரைக் குறைக்கப் போடும் ஊசியில்கூட, மூளைக்குள் புகும் அட்ரோபினை விட்டு, பெரும்பாலும் புகாத கிளைகோபைரோலேட்டை எடுக்கலாம்.

ஆனால் இவற்றில் சில, வேகத்தை விற்று ஞாபகத்தை வாங்குகின்றன. துடிப்பைச் சுருக்கினால் கூடுதல் முறைகள் தேவைப்படுகின்றன. சிலருக்குப் பலனும் சற்றுக் குறைகிறது. வாரம் இரண்டு முறை என்றால் குணம் மெல்லத்தான் தெரியும். தானாகச் சாப்பிடும் 65 வயதுக்காரருக்கு அந்தத் தாமதம் பொருட்டல்ல. பத்து நாளாகத் தண்ணீர்கூடச் சரியாக இறங்காத 80 வயது அம்மாவுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவருக்கு இரண்டு பக்கமும் வைத்து விரைவாக முடிப்பதே நியாயமாக இருக்கலாம். எல்லா முதியோருக்கும் ஒரே 'மென்மையான முறை' என்று எழுதிவைப்பதும், பழக்கம் என்பதற்காக எல்லோருக்கும் இருபுறமும் வைப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்: ஆளைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்ப்பது.

பெரிய குறை அளவுகோலில் இருக்கிறது. மறதியைச் சோதிக்க எங்கும் பரவியிருப்பது 1975-இல் வந்த 30 மதிப்பெண் தேர்வு. தேதி சொல்லச் சொல்லும். மூன்று சொற்களை நினைவில் வைக்கச் சொல்லும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். 2010-இல் 84 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இத்தகைய தேர்வுகளில் தெரியும் சரிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களோடு நின்றுவிடுவதாகவும் இரண்டு வாரம் கழித்துப் பல திறன்கள் முன்னைவிட மேம்படுவதாகவும் கண்டார்கள். ஆனால் சிகிச்சை பெற்றவர்களின் சொல் வேறாக இருக்கிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது நீடித்த நினைவிழப்பைச் சொல்வதாக 2003-இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

இரண்டும் முரண் போலத் தெரியும், முரண் அல்ல. ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். சிகிச்சை முடிந்து ஒரு மாதம். 30-க்கு 28 வாங்குகிறார். பால் கணக்குப் பார்க்கிறார். ஆனால் சிகிச்சைக்கு இரண்டு மாதம் முன்பு குலதெய்வக் கோயிலில் தன் மடியில் உட்காரவைத்துப் பேரனுக்குக் காது குத்தியது அவருக்கு நினைவில்லை. போட்டோவைக் காட்டினால் யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் தன்னையே பார்க்கிறார். இந்த இழப்புக்கு அந்தத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. சொந்த வாழ்க்கை நினைவுகளை அளக்கத் தனிக் கேள்வித்தொகுப்புகள் உண்டு. நியூயார்க் வட்டாரத்தின் ஏழு மருத்துவமனைகளில் 347 பேரை ஆறு மாதம் வரை பின்தொடர்ந்த, 2007-இல் வெளியான ஆய்வு அவற்றையும் பயன்படுத்தியது. இருபுறச் சிகிச்சை பெற்றவர்களிடம் அந்த இழப்பு நீடிப்பதைக் கண்டது. நேரம் பிடிக்கும் வேலை என்பதால் அன்றாட வார்டுக்கு அத்தகைய கேள்விகள் வந்துசேர்வது அரிது.

அளக்காததைச் சொல்லவும் முடிவதில்லை. கையெழுத்து வாங்கும்போது 'கொஞ்சம் மறதி வரும், சரியாயிடும்' என்பதோடு பேச்சு முடிகிறது. புதிதாகக் கற்பதில் வரும் தடுமாற்றம் சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகும், உண்மை. சிகிச்சைக்கு முந்தைய மாதங்களின் நினைவுகள் சில திரும்பாமலே போகலாம், அதுவும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொன்னால், பின்னால் புகார் சொல்லும் பெரியவரிடம் 'எல்லாம் வயசுதான்' என்று சொல்லும்படி ஆகிவிடும். அவரும் அதை நம்பிவிடுவார்.

இந்தக் குறையைக் களையப் புது இயந்திரம் வேண்டியதில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். சிகிச்சை தொடங்கும் முன் மகளோ மகனோ அருகில் உட்கார்ந்து, கடந்த ஓராண்டில் நடந்தவற்றில் இருபதைப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம்: போன ஊர், வந்த விருந்தாளி, வாங்கிய கடன், போட்ட சண்டை. மூன்று நான்கு முறைக்கு ஒரு தடவை அதிலிருந்து சிலவற்றைக் கேட்டு, எத்தனை நிற்கின்றன என்று மருத்துவரிடம் சொல்லலாம். மின்முனையை மாற்றவோ இடைவெளியைக் கூட்டவோ அது அவருக்கு உதவும். எல்லாம் முடிந்த பிறகும் அந்த நோட்டின் சில பக்கங்கள் பெரியவருக்கு அந்நியமாகவே இருக்கலாம். அப்போதும் அவற்றைப் படித்துக் காட்ட வீட்டில் ஒருவர் இருப்பார், அவருடைய சொற்களிலேயே.