பிச்சாவரமும் 240 மணி நேரமும்

இளைஞர்கள் இயற்கையைக் காக்கும் வேலைக்கு வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். வந்தவர்களை என்ன செய்ய வைக்கிறோம் என்பது பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நம் ஊரில் இதற்கு இருக்கும் பெரிய வாசல் நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. விதி எளிமையானது: ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுக்கு 240. கூடவே ஒரு சிறப்பு முகாம், ஏழு நாள். முடித்தால் சான்றிதழ்.

சூழல் என்று வந்துவிட்டால், நான் பார்த்தவரை, இந்த மணிநேரம் பெரும்பாலும் மரக்கன்று நடுவதற்கும் பிளாஸ்டிக் பொறுக்குவதற்குமே போகிறது. பேனர், தொப்பி, குரூப் போட்டோ. எத்தனை கன்று நட்டோம் என்பது அறிக்கையில் ஏறும். அடுத்த வருடம் எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதற்கு யாரும் பதில் வைத்திருப்பதில்லை. சின்னப் பசங்க நாலு மரம் நடுவதில் என்ன குறை என்று கேட்கலாம். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் வரும் பிச்சாவரமே அதற்குப் பதில் சொல்கிறது.

வெள்ளாறுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் அலையாத்திக் காடு அது. தில்லை என்று சிதம்பரத்துக்குப் பேர் வரக் காரணமான தில்லை மரம் ஊருக்குள் இல்லை, இங்கேதான் நிற்கிறது. இந்தக் காட்டை வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை பாத்தி பாத்தியாகப் பிரித்து மொத்தமாக வெட்டினார்கள். தானாக முளைத்துவிடும் என்று நினைப்பு. முளைக்கவில்லை. ஆடு மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள் என்று பழி சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. மரத்தை வெட்டிய இடத்தில் வெயில் நேராக மண்ணில் பட்டு, ஈரம் ஆவியாகி, தரை தொட்டி மாதிரி இறங்கிவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த மண்ணில் லட்சம் கன்று நட்டாலும் லட்சமும் சாகும்.

அதனால் அவர்கள் முதலில் வெட்டியது வாய்க்கால். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன் முள் போல. ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவியபின்தான் கரையோரம் வெண்கண்டல் நட்டார்கள். வேலை அதோடு முடியவில்லை. வாய்க்காலில் வண்டல் சேரும், அதைத் திரும்பத் திரும்ப வார வேண்டும். எங்கள் தொழிலில் ரிலீஸ் அன்றைக்குக் கேக் வெட்டுவார்கள். அதற்கப்புறம் மூணு வருஷம் அதைக் கட்டி மேய்ப்பவன் பேர் யாருக்கும் தெரியாது. இங்கேயும் அதே கதைதான்.

அந்தச் சேற்றில் இறங்கியவர்கள் சுற்றியிருந்த கிராமத்து மக்கள், இருளர்கள் உட்பட. எம்.ஜி.ஆர். நகர் இருளர்கள் இந்தக் கழிமுகத்தில் கையாலேயே இறால் பிடித்துப் பிழைத்தவர்கள். பழங்குடி என்ற சாதிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள். என்.எஸ்.எஸ்.ஸில் சேர மாணவராக இருக்க வேண்டும். அண்மையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த முதலமைச்சரின் பசுமை ஆய்வாளர் திட்டத்துக்கும் பட்டம் வேண்டும். ஆக, படிப்பை விட்டுவிட்டுப் படகு தள்ளும் இருபது வயது இருளப் பையன் எந்த வாசலிலும் நுழைய முடியாது. ஒரு நாள் கன்று நட்டவர் தொண்டர், வருஷக்கணக்கில் வாய்க்கால் வாரியவர் கூலியாள். என் முக்கியமான புகார் இதுதான்.

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1933-இல், ரூஸ்வெல்ட் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற படையைத் தொடங்கினார். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். படிப்பு கேட்கவில்லை, வேலையில்லாமல் இருந்தால் போதும். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் வரை நேராக வீட்டுக்குப் போய்விடும். கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கிவைத்த கறையும் அதற்கு உண்டு. ஆனால் செவ்விந்தியர்களுக்கென்று இருந்த பிரிவில் வயது வரம்பைத் தளர்த்தினார்கள், கல்யாணம் ஆனவர்களையும் சேர்த்தார்கள். பலர் தம் வீட்டிலேயே இருந்துகொண்டு தம் நிலத்திலேயே வேலை செய்தார்கள். கிள்ளை பக்கம் அப்படி ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நடுவதன் மீது நமக்கு இவ்வளவு மோகம் வந்ததில் சுனாமிக்கும் பங்குண்டு. பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, காடு உயிர்களைக் காத்தது என்று கதிரேசனும் ராஜேந்திரனும் 2005-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கெர், பேர்ட், கேம்ப்பெல் மூவரும் அதே தரவை எடுத்து, கடலிலிருந்து தூரத்தையும் தரையின் உயரத்தையும் கணக்கில் சேர்த்தால் காட்டின் பங்கு கரைந்துவிடுகிறது என்றார்கள். அதற்கும் ஒரு மறுப்பு வந்தது. விவாதம் ஆய்விதழ்களோடு நின்றுவிட்டது. கரைக்கு வந்து சேர்ந்தது 'மரம் நட்டால் பிழைப்போம்' என்ற ஒற்றை வரிதான். விளைவு, மணல்மேடுகள் மீதெல்லாம் சவுக்கு. பங்குனி ஆமை முட்டையிட வேண்டிய திறந்த மணலிலும் சவுக்கு.

ஆமை என்றதும் ஒரு நல்ல உதாரணமும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு 1988-இலிருந்து இயங்குகிறது. சீசன் முழுக்க ராத்திரி நடக்கிறார்கள், முட்டைக் குழியைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள், கணக்கெழுதுகிறார்கள். இன்று இருப்பவர்கள் போனாலும் நோட்டுப் புத்தகம் அடுத்தவர் கைக்கு வருகிறது. அங்கே சேரும் பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரே கடற்கரையைத் திரும்பத் திரும்பப் பார்க்கக் கிடைக்கிறது.

பிச்சாவரத்தில் இதைச் செய்யத் தடையென்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. முகாம் தேதியை இப்போது செமஸ்டர் அட்டவணை தீர்மானிக்கிறது. கண்டலுக்கு வேண்டியதோ உப்பு இறங்கும் ஐப்பசி, கார்த்திகை மழை. வனத்துறை அனுமதியோடு ஒரு கல்லூரி ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளட்டும். மாதம் இரண்டு முறை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் பெருகும் நாளில், நீரின் உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் அளக்கலாம். வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு கம்பு நட்டுக் குறிக்கலாம். கரையோரக் கண்டலை எண்ணலாம். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 96. மிச்சம் 24 மணி நேரத்தில் வண்டல் வாரலாம், எப்படி வாருவது என்று சொல்லிக்கொடுக்க எம்.ஜி.ஆர். நகரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, நாள்கூலியாக இல்லாமல் பயிற்சியாளருக்குரிய சம்பளத்தையே கொடுத்து.