கோடுகளில் ஒரு வீடு

எம். புதுப்பட்டி வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களில் சிவகாசி அச்சகத்து நாட்காட்டி தொங்காத சுவர் அரிது. கஃபத்துல்லாஹ்வும் பச்சைக் குவிமாடமும் அதில் பல வண்ணத்தில் பொலியும். கட்டடத்தை உள்ளவாறு காட்டுவதே படம் எனப் பழகிய நம் கண்களுக்கு மர்ஹூமா ஸரீனா ஹாஷ்மியின் அச்சோவியங்கள் முதலில் ஏமாற்றமே தரும். அங்கே மினாரா இல்லை, தோரணவாயில் இல்லை. கையால் செய்த தாளில் சில கறுப்புக் கோடுகளும் ஓர் உருதுச் சொல்லுமே உண்டு.

ஸரீனா 1937இல் அலிகரில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியரின் மகள். கணிதம் பயின்றார், பாங்காக், பாரிஸ், டோக்கியோ நகரங்களில் அச்சுக்கலை கற்றார், நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து 2020இல் இலண்டனில் மறைந்தார். நாடு பிரிந்த பின்னர் பெற்றோர் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தனர். பிறந்த வீடு நினைவாயிற்று. 'தந்தையின் வீடு 1898–1994' என்னும் படம் அவ்வீட்டின் தரைப்படமே. இன்ன அறை இன்னது என உருதுவில் குறிப்பு மட்டும் உண்டு.

அரபு மொழியில் 'பைத்' என்பது வீட்டுக்கும் பெயர். கவிதை அடிக்கும் பெயர். அவ்வடியின் பாதியாகிய 'மிஸ்ராஃ', இரட்டைக் கதவின் ஒரு பலகையையும் குறிக்கும். வீட்டைக் கவிதையாய் வாசிப்பது நம் மரபுக்குப் புதிதன்று என்பதற்கு இச்சொற்களே சான்று.

எனினும் எல்லாப் படைப்புகளும் ஒரு தரத்தன அல்ல. 1999இல் வெளியான 'வீடு ஓர் அந்நிய இடம்' என்ற 36 மரச்செதுக்கு அச்சுகளில் சில, சொல்லை நீக்கினால் வெறும் புதிராகிவிடும். 2010இல் காகிதத்தில் பொற்தகடு ஒட்டிச் செய்த 'கண்ணைக் கூசச்செய்யும் ஒளி' தூர் மலையில் மூஸா (அலை) கண்ட பேரொளியை எனக்கு நினைவூட்டிற்று; ஆயினும் பொன்னின் மினுக்கம் பொருளை முந்திக்கொள்கிறது.

2004இல் வந்த 'வீட்டிலிருந்து கடிதங்கள்' அத்தகையதன்று. பெற்றோர் மறைந்ததையும் வீடு விற்கப்பட்டதையும் தமக்கை ராணி எழுதி, அஞ்சலில் சேர்க்காமல் வைத்திருந்த மடல்களை உலோகத் தகட்டில் பதித்து, அவற்றின்மேல் தரைப்படங்களையும் நிலப்படங்களையும் அச்சிட்டார் ஸரீனா. எழுத்து பாதி மறைகிறது. வாய்விட்டுச் சொல்ல இயலாத துயரம் அம்மறைப்பினாலேயே விளங்குகிறது. இதுவே அவர்தம் தலைசிறந்த படைப்பு என்பேன்.

நம் குடும்பங்களிலும் பாகப்பிரிவினைக்குப் பின் பழைய வீடுகள் விலையாகி இடிபடுகின்றன. முகப்பை மட்டும் புகைப்படம் எடுத்து மனநிறைவு கொள்கிறோம். பாட்டியார் தொழுத மூலை எது, ரிஹால் பலகை இருந்த மாடம் எது என்பதை அப்படம் சொல்லாது. இடிக்குமுன் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து அறைகளைக் கோடிட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளின் அருமை பின்னாளில் விளங்கும்.