தீப்பெட்டி அளவில் ஒரு துரை

ஜான் ஸ்மார்ட் 1785இல் லண்டனிலிருந்து சென்னப்பட்டணத்துக்குக் கப்பலேறி வந்தார். பத்தாண்டுகள் இங்கேயே தங்கி, கிழக்கிந்தியக் கும்பெனி துரைமார்களின் முகங்களைத் தந்தத் தகட்டில் தீட்டினார். படத்தின் உயரம் ஐந்தாறு சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது. அதற்குள் வெள்ளைப் பொடி தூவிய தலைமுடி, கழுத்தை இறுக்கிய துணி, சித்திரை வெயிலைச் சட்டை செய்யாத கனத்த கோட்டு எல்லாவற்றோடும் ஒரு துரை நிமிர்ந்து அமர்ந்திருப்பார்.

கோட்டையும் பொத்தானையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கண்ணோரத்துக்குப் போக வேண்டும். இமையின் மடிப்பு, அதன் கீழே லேசாகத் தொங்கும் தசை, சிரித்துச் சிரித்தோ வெயிலில் கண்ணைச் சுருக்கியோ விழுந்த கோடுகள் என எதையும் ஸ்மார்ட் பூசி மறைக்கவில்லை. காசு கொடுப்பவர் துரை. இளமையாகக் காட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஸ்மார்ட்டோ வயதை அப்படியே வைத்துவிட்டு, உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிறு புன்னகையைச் சலுகையாகத் தருகிறார்.

முகம் ஒளிர்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. தந்தத்தை மெல்லிய தகடாகச் சீவி, எண்ணெய்ப்பசை போக்கித் தேய்த்து, பிசின் கலந்த நீர்வண்ணத்தைத் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். முகத்தில் வண்ணம் கண்ணாடிபோல மெலிந்திருக்கும். அடியிலுள்ள தந்தத்தின் வெண்மை அதன் வழியே மேலே வரும். கோட்டுக்கு மட்டும் ஒளி ஊடுருவாத தடித்த வண்ணம். துணி அடங்கிக் கிடக்க, தோல் உயிரோடு இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். அந்தக் காலத்துச் சிற்றோவியங்கள் சிலவற்றில் தலைப்பொடி தோளில் உதிர்ந்து கிடப்பதையும் காணலாம். கண்டும் காணாமல் விட்டிருக்கலாம், விடவில்லை!

படத்தின் ஓரத்தில் ஸ்மார்ட்டின் பெயரின் முதலெழுத்துகள், ஆண்டு, அவற்றோடு 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. இந்தியாவில் வரைந்தது என்பதற்கான அடையாளம் அது.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலியும் ஸ்மார்ட்டின் முன் அமர்ந்தவர்தான். பட்டணத்துக் கும்பெனிக்காரர்கள் பலர் நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெருத்தவர்கள். கொடுத்தவர் பக்கமும் பட்டவர் பக்கமும் ஒரே தூரிகைக்கு முகம் காட்டியிருக்கின்றன. அந்தப் பணத்தின் கதை எனக்குக் கசக்கிறது. என்றாலும் தூரிகையின் நேர்மையைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தோளுக்குத் தலை சற்றுப் பெரிது. மேனி சில படங்களில் செங்கல் நிறத்துக்குப் போய்விடுகிறது.

அதே காலத்தில் லண்டனில் சிற்றோவியத்தில் புகழின் உச்சியில் இருந்தவர் ரிச்சர்ட் காஸ்வே. அவர் வரைந்தவர்கள் எல்லோருக்கும் பெரிய கண்கள், பின்னால் நீல வானம், பார்த்ததும் மயக்கும் அழகு. 1755இல் இருவரும் சிறுவர்களாக இருந்தபோது நடந்த ஓர் ஓவியப் போட்டியில் காஸ்வேக்கு முதலிடம், ஸ்மார்ட்டுக்கு இரண்டாமிடம். நடுவராக நான் இருந்து, இருவரின் பிற்காலப் படங்களும் என் முன் இருந்தால், அந்த வரிசையை மாற்றிவிடுவேன்.