சோதனைவகை விமானங்களில் கட்டணப் பயிற்சி: விதியும் விமர்சனமும்

ஐக்கிய அமெரிக்காவில் ஆர்வலர்கள் தாமே கட்டும் விமானங்கள் ‘சோதனைவகை’ச் சான்றிதழுடன் பறக்கின்றன. இவற்றில் கட்டணம் பெற்று ஆட்களையோ சரக்கையோ ஏற்றக் கூடாது என்கிறது அந்நாட்டு விதிகளின் 91.319ஆம் பிரிவு. விமானத்தின் தன்மை அறியாத பயணியைக் காப்பதால் இத்தடை நியாயமானதே.

ஆனால் 2021இல் இவ்விதி வேறு பொருள் கொண்டது. வேறுவகைச் சான்றிதழ் பெற்ற பழைய போர் விமானம் ஒன்றில் கட்டணப் பயிற்சி அளித்த நிறுவனம், அது தொடர்பான வழக்கில் ஏப்ரலில் தோற்றது. அதையொட்டி ஜூலையில், பயிற்றுநருக்குப் பணம் கொடுத்தாலே அது கட்டணப் பறப்பு எனக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் அறிவித்தது. சொந்த விமானத்தில் கற்பவருக்கும் விலக்குக் கடிதம் தேவைப்பட்டது.

இவ்விளக்கம் பொருந்தாது. தன் விமானத்தில் கற்கும் உரிமையாளர், பயணச்சீட்டு வாங்கிய பயணி அல்லர். அவர் பணம் கொடுப்பது கற்பித்தலுக்கே. மேலும், அக்கடிதம் சில விவரங்களை மின்னஞ்சலில் அனுப்பினாலே கிடைத்தது. எனவே அது பாதுகாப்பைக் கூட்டவில்லை. எழுத்து வேலையை மட்டுமே கூட்டியது.

2022 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புத் துறைச் சட்டம் இதைத் திருத்தியது. பயிற்றுநரே விமானத்தையும் தராதபோது, பயிற்சிக்கென விமானம் விளம்பரப்படுத்தப்படாதபோது, இயக்கச் செலவுக்கு மேல் விமானத்துக்கு வாடகை பெறாதபோது கடிதம் வேண்டியதில்லை. 2024இல் வந்த 91.326ஆம் பிரிவும் இவ்வழியிலேயே அமைந்தது.

எனினும் ஒரு குறை நீடிக்கிறது. விமானத்தை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர், முதல் பறப்புக்கு முன் அதே வகை விமானத்தில் பழக வேண்டும். விமானத்தையும் பயிற்சியையும் சேர்த்துத் தருபவருக்கோ இன்றும் கடிதம் தேவை. பயிற்சி மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் தடையும் மிஞ்சியிருக்கிறது.